எடையும் ஓட்டமும் ஒரே வேளையில்

தசை பலம்தான் நோக்கம் என்றால் பஸ்கி, தண்டால், டம்பெல் முதலில். நடையோ ஓட்டமோ பிறகு. ஓட்டப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஓடிக் களைத்த காலோடு கனமான எடையைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுந்தால் முதுகும் முழங்காலும் பாடுபடும்.

திருச்சிக்காரர்களுக்கு உச்சிப்பிள்ளையார் கோயில் படிகளே பெரிய வரம். 400-க்கும் மேல், மூச்சும் தொடையும் சேர்ந்தே உழைக்கும். அன்றைக்குக் காலுக்கு எடைப்பயிற்சி வேண்டாம், தோள், மார்பு, கைகள் போதும். செருப்பைக் கீழே விட்டுத்தான் ஏற வேண்டும் என்பதால் ஓட்டம் கூடவே கூடாது. சாமி கும்பிட வருகிறவர்களுக்கும் வழிவிட வேண்டுமே. இறங்கும்போது இன்னும் நிதானம் தேவை. மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறக்கத்தால்தான்.

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் வீட்டிலேயே 20 நிமிடம் தசைப்பயிற்சி முடித்து, உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ 40 நிமிடம் விறுவிறுவென நடக்கலாம். வாரம் 4 நாள் செய்தால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் 150 நிமிட மிதமான உழைப்பும் 2 நாள் தசைப்பயிற்சியும் நிறைவாகிவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். நெஞ்சை அழுத்தினால் உடனே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.