வீட்டு வயரிங்கும் கேபிளின் பருமனும்: கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



நம்ம தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளில் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். இன்னும் சிலர் எலக்ட்ரிஷியன்மாருக்கு உதவியாளாகச் சேர்ந்து தொழில் பழகுகிறார்கள். சுவருக்குள் ஓடும் வயர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆனால் இரவில் அந்த அறையில் தூங்குபவரின் உயிர் அந்த வயரின் பருமனை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே இந்த இதழில் பிளக் பொயின்ட்டுகளுக்குப் போடும் வளையச் சுற்றைப் பற்றியும், அதற்கு ஏற்ற கேபிளைப் பற்றியும் படிப்போம்.

1. வளையச் சுற்று என்றால் என்ன?

எலக்ட்ரிஷியன்மார் இதை ‘ரிங்’ என்பார்கள். மின்பெட்டியில் உள்ள ஒரு பிரேக்கரிலிருந்து கேபிள் புறப்படும். ஒவ்வொரு பிளக் பொயின்ட்டாகத் தொட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி, மீண்டும் அதே பிரேக்கருக்கே வந்து சேரும். ஃபெக்டரியில் தொடங்கி எல்லா டிவிஷனையும் சுற்றி ஃபெக்டரிக்கே திரும்பும் தோட்டத்து ரோட்டை நினைத்துப் பாருங்கள். எந்த டிவிஷனுக்கும் லொறி இரண்டு பக்கமாகவும் போகலாம். அதுபோலவே ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் இரண்டு வழியாக வருகிறது. சுமையை இரண்டு வழியும் பங்கு போட்டுக்கொள்வதால், கொஞ்சம் மெல்லிய கேபிளே போதுமாகிறது.

இந்த முறை இரண்டாம் உலகப் போரை அடுத்து பிரிட்டனில் பரவியது. அப்போது அங்கே செம்புக்குத் தட்டுப்பாடு. உள்ளேயே ஃபியூஸ் வைத்த 13 அம்பியர் சதுர முள் பிளக்குக்கு 1947இல் அங்கே தரம் வகுத்தார்கள். வளையத்தின் பிரேக்கர் 32 அம்பியர் வரை விடும் என்பதால், பிளக்கிலிருந்து சாமானுக்குப் போகும் மெல்லிய வயரை அந்தச் சின்ன ஃபியூஸ்தான் காப்பாற்றுகிறது. நமது நாட்டிலும் 2017இல் 13 அம்பியர் சதுர முள் பிளக்கே தேசிய தரமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பழைய வீடுகளில் உருண்டை முள் பொயின்ட்டுகளை இன்னும் காணலாம்.

2. கேபிளின் எண்ணை வாசிப்பது எப்படி?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்குப் போய் வயர் கேட்டால், “1/1.13 வேணுமா, 7/0.67 வேணுமா?” என்று கேட்பார்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை. முதல் எண், உள்ளே எத்தனை செம்புக் கம்பி என்பது. இரண்டாவது எண், ஒரு கம்பியின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பது. எல்லாக் கம்பிகளின் வெட்டுமுகப் பரப்பையும் கூட்டினால் வருவதுதான் கேபிளின் பருமன்.

1/1.13 என்றால் 1 சதுர மில்லிமீற்றர். ஏறக்குறைய 13 அம்பியர் தாங்கும்.
7/0.67 என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர். ஏறக்குறைய 24 அம்பியர்.
7/0.85 என்றால் 4 சதுர மில்லிமீற்றர். ஏறக்குறைய 32 அம்பியர்.
7/1.04 என்றால் 6 சதுர மில்லிமீற்றர். ஏறக்குறைய 41 அம்பியர்.

இவை, சுவர் மேல் போகும் குழாய்க்குள் ஒரே ஒரு சுற்றின் வயர்கள் மட்டும் இருந்து, சுற்றுப்புறம் 30 பாகை செல்சியஸாக இருக்கும்போது உள்ள அளவுகள். 1/1.13 லைட்டுக்கு மட்டுமே. 32 அம்பியர் பிரேக்கர் போட்ட வளையத்துக்கு 7/0.67 வழக்கம். அங்கேயும் ஒரு விதி உண்டு. கேபிள் எந்த இடத்தில் போனாலும் குறைந்தது 20 அம்பியராவது தாங்க வேண்டும்.

3. கொழும்பின் சூட்டை மறக்கக் கூடாது

நுவரெலியாவின் குளிர் கொழும்பில் இல்லை. அங்கே சாதாரண நாளிலேயே 30 பாகை இருக்கும். தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் மத்தியானம் 50 பாகை வரையும் போகலாம். 50 பாகையில் கேபிளின் தாங்கு சக்தி நூற்றுக்கு 71 பங்காகக் குறைந்துவிடும். அப்போது 7/0.67 கேபிள் தாங்குவது 24 அல்ல, 17 அம்பியர்தான். நாம் சொன்ன 20க்கு அது போதாது. அப்படியான இடத்தில் 7/0.85 போட வேண்டும். இல்லாவிட்டால் கேபிளைச் சூடில்லாத வழியாகக் கொண்டுபோக வேண்டும். “ரிங்குக்கு 7/0.67 போதும்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது என்பது இதனால்தான்.

4. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வொட்டை வோல்ட்டால் பிரித்தால் அம்பியர் வரும். நமது மின்சாரம் 230 வோல்ட். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டைப் பலகை அடித்து நாலு அறையாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பிளக்கும் ஒரே வளையத்தில். காலையில் 2000 வொட் கேத்தல் இரண்டு, 1000 வொட் அயன் பெட்டி ஒன்று, 500 வொட் ரைஸ் குக்கர் இரண்டு வேலை செய்கின்றன. மொத்தம் 6000 வொட். 230ஆல் பிரித்தால் 26 அம்பியர்.

வளையம் முழுசாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 13 அம்பியர்தான் போகும். பிரச்சினை இல்லை.

இப்போது மின்பெட்டிக்குக் கிட்ட ஒரு ஆணி தளர்ந்து, உயிர்க் கம்பியின் ஒரு முனை கழன்றுவிட்டது என்போம். கேத்தல் கொதிக்கும், சோறு வேகும், அயன் பெட்டி சுடும். எதுவும் நிற்காது. ஆனால் 26 அம்பியரும் ஒரே பக்கத்தால் போகும். 24க்குக் கணக்கான கேபிள் சுவருக்குள்ளே சூடேறும். பிரேக்கரோ 32 வரை பேசாமல் இருக்கும். வளையச் சுற்றின் பெரிய ஆபத்து இதுதான்: அறுந்தாலும் அடையாளம் காட்டாது.

ஆகவே வயரிங் முடிந்ததும், மெயினை நிறுத்திவிட்டு, வளையத்தின் இரண்டு முனைகளையும் பிரேக்கரிலிருந்து கழற்றி, உயிர்க் கம்பி, நொதுமல் கம்பி, புவிக் கம்பி மூன்றும் முனைக்கு முனை தொடர்கிறதா என்று மீற்றரால் பார்க்க வேண்டும். பிறகு சில வருடத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்ப்பது நல்லது. இது தகுதி பெற்ற எலக்ட்ரிஷியனின் வேலை. நாமாகப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

5. செய்யவே கூடாதவை

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அதைப் பெரிதாக மாற்றுவது. பிரேக்கர் இருப்பது கேபிளைக் காப்பாற்ற. முதலில் சுமைக்கேற்ற கேபிள், பிறகு அந்தக் கேபிளுக்கேற்ற பிரேக்கர். இந்த ஒழுங்கை மாற்றினால் பிரேக்கருக்குப் பதிலாக வயரே எரியும்.

புதிதாகத் தடுத்த அறைக்கு, வளையத்திலிருந்து லைட் வயரால் பிளக் இழுப்பது. 13 அம்பியர் தாங்கும் வயருக்கு 32 அம்பியர் பிரேக்கர் காவலாகாது. கிளை எடுப்பதானால் வளையத்தின் அதே பருமனில், ஒரு பொயின்ட்டுக்கு மட்டும் எடுக்க வேண்டும்.

குளிக்கும் ஹீட்டரை வளையத்தில் மாட்டுவது. 5500 வொட் ஹீட்டர் தனியாகவே 24 அம்பியர் இழுக்கும். அதற்கு மின்பெட்டியிலிருந்து 7/1.04இல் தனி லைன் வேண்டும்.

6. நம்ம லயத்துக்கு ரிங் வேணுமா?

வேண்டியதில்லை. ஒரு காம்பராவும் குசினியும் உள்ள இடத்துக்கு, 20 அம்பியர் பிரேக்கரோடு 7/0.67இல் ஒரே வழியாகப் போகும் லைன் போதும். அது அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள பிளக் வேலை செய்யாது, உடனே தெரிந்துவிடும். லயங்கள் எரிந்த செய்திகளில் ‘மின்னொழுக்கு’ என்ற சொல்லை அடிக்கடி வாசிக்கிறோம். பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய இரட்டை வயரில் மின்சாரம் இழுத்துக் கேத்தல் வைப்பதை இன்றே நிறுத்துவோம். ஒரு காம்பரா பற்றினால் முழு லயமும் போய்விடும்.

7. அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை

கொழும்பில் பிள்ளைக்கு அறை பார்க்கப் போகும் அப்பா அம்மா, வாடகையும் தண்ணியும் கேட்பதோடு இவற்றையும் கேளுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா? அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா? பிளக் பொயின்ட் சூடாகிறதா, கருகியிருக்கிறதா? கடைசியாக வயரிங்கைப் பார்த்தது யார், எப்போது? வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று கூச்சப்பட வேண்டாம். வயர் வாங்குவதானால் எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

தொழில் பழகும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பாஸ் சொன்னதை மட்டும் செய்துகொண்டு காலம் போக்காமல், தொழிற்பயிற்சி அதிகாரசபையில் மின்வேலைப் பாடநெறி படித்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுங்கள். ஏன் இந்தக் கேபிள் என்று காரணம் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் நாளைக்கு வேலையும் மரியாதையும்.

பயிற்சி: 3500 வொட் ஹீட்டர் ஒன்று எத்தனை அம்பியர் இழுக்கும்? அதன் கேபிள் தகரக் கூரைக்கடியில் 50 பாகைச் சூட்டில் போனால், 20 அம்பியர் பிரேக்கரோடு 7/0.67 போதுமா, 7/0.85 வேண்டுமா? பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். (விடை: 15.2 அம்பியர். 7/0.85 வேண்டும். அந்தச் சூட்டில் 7/0.67 தாங்குவது 17, பிரேக்கரோ 20 வரை விடும். 7/0.85 ஏறக்குறைய 23 தாங்கும்.)