நிரலும் நேர்வரிசையும்

‘பலகை’ என்றால் மரப்பலகை. ‘பல கை’ என்றால் கைகள் பல. தமிழில் ஓர் இடைவெளி பொருளையே மாற்றிவிடுகிறது. சி மொழியிலோ வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதினாலும் கணிப்பொறிக்குப் பொருள் ஒன்றே. ஏமாறுவது மனிதக் கண்.

இதற்குச் சான்று 2014 பிப்ரவரியில் வெளிப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில், ‘பிழை நேர்ந்தால்’ என்னும் நிபந்தனையின்கீழ் ‘வெளியேறு’ என்னும் வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளப்பட்டிருந்தமையால், இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவைபோல் தோன்றின. ஆனால், அடைப்புக்குறி இல்லாதபோது நிபந்தனை அடுத்த ஒரு கூற்றை மட்டுமே ஆளும் என்பது சி மொழியின் இலக்கணம். ஆகவே, இரண்டாவது ‘வெளியேறு’ எப்போதும் நிறைவேறியது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி எட்டப்படவே இல்லை!

இத்தகைய மயக்கத்தைக் களையும் கருவி ஒன்று, எல்.எல்.வி.எம். என்னும் திறந்த மூலத் தொகுப்பித் திட்டத்தில் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற விக்ரம் அட்வேயும் அவர் மாணவர் கிறிஸ் லாட்னரும் 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இத்திட்டத்தைத் தொடங்கினர். அதன் அடிப்படைக் கருத்து எளியது. ஐந்து மொழிகளை நான்கு வகைப் பொறிகளுக்குத் தனித்தனியே பெயர்க்க இருபது தொகுப்பிகள் வேண்டும். இடையில் பொதுமொழி ஒன்றை வைத்தால் ஐந்து முன்பகுதிகளும் நான்கு பின்பகுதிகளும் போதும். இத்திட்டத்தின் ஒரு பிரிவான எம்.எல்.ஐ.ஆர். பற்றிய 2021-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள், நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உதய் பொந்துகுலாவும் ஒருவர்.

இனி, கிளாங் ஃபார்மேட் என்னும் கருவியைக் காண்போம். அது நிரலைச் சொற்சொல்லாகப் பிரிக்கிறது, கூற்றுகளாகச் சேர்க்கிறது, பின் ஒவ்வொரு கூற்றையும் எங்கே ஒடிக்கலாம் என ஆராய்கிறது. ஒவ்வோர் ஒடிப்புக்கும் ஒரு தண்டம் உண்டு. வரி 80 எழுத்தைத் தாண்டினால் பெருந்தண்டம். சுங்கம் குறைந்த வழியைத் தேடும் வணிகனைப்போல், மொத்தத் தண்டம் மிகக் குறைந்த அமைப்பை அது தேர்கிறது. மேற்சொன்ன இரண்டாவது ‘வெளியேறு’ இதன் கையில் அகப்பட்டிருந்தால், வெளியே இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். கருவி பிழையைத் திருத்தாது. திருடனை விளக்கடியில் நிறுத்தும். பிடிக்க வேண்டியவர் நாமே.

ஓர் எச்சரிக்கை. விவேக் நகரில் நாங்கள் சிலர் கூடிப் பயில்கிறோம். ஒருநாள் நான் ஒரு வரியைத் திருத்திவிட்டு, கோப்பு முழுவதையும் இக்கருவியால் சீர்செய்து நண்பரிடம் கொடுத்தேன். நூற்றுக்கணக்கான வரிகள் மாறியிருந்தன. அவற்றுள் நான் செய்த பிழை மறைந்துபோயிற்று. அதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு கழிந்தது. அழகும் திரையாகலாம் என அன்று அறிந்தேன். மாற்றிய வரிகளை மட்டும் சீர்செய்யும் வசதியும் இத்திட்டத்திலேயே உண்டு. முழுக்கோப்பையும் சீர்செய்வதாயின், அதைத் தனி மாற்றமாகவே செய்க.

நிரலைப் பொறிக்காக மட்டும் எழுதுவதில்லை. நாளை படிக்கப்போகும் தோழனுக்காகவும் எழுதுகிறோம்.