ரயில் நிக்குது... ரயிலடிக்கு எப்படிப் போறது?

பொம்மிடி ரயில் நிலையத்துல நின்னு தெற்கே பார்த்தா சேர்வராயன் மலை தெரியும். சென்னை–சேலம் முக்கிய ரயில் பாதை இந்த ஊர் வழியாத்தான் போகுது. ஆனா, மாவட்டத் தலைநகரான தர்மபுரிக்கு இந்தப் பாதை கிடையாது, தெரியுமா உங்களுக்கு? அந்த ஸ்டேஷன் சேலம்–பெங்களூரு தடத்துல இருக்கு. சென்னை ரயிலைப் பிடிக்க தர்மபுரிக்காரங்க மொரப்பூருக்குத்தான் வரணும். (இது தெரியாம நானும் ஒரு தடவை முழிச்சிருக்கேன்.)

காரணம் பழசு. 1860-களின் தொடக்கத்தில் சென்னையை மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரோடு இணைக்கத்தான் இந்தப் பாதை போடப்பட்டது. வழியில இருந்த ஊர்களுக்கு ஸ்டேஷன் கிடைச்சது, அவ்வளவுதான். 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை வந்தது. பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1941-ல், அதை மூடிட்டாங்க. அதே மொரப்பூர்–தர்மபுரி இடையே சுமார் 36 கி.மீ. புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. விட்டுப்போன ஒரு இணைப்பைத் திரும்பக் கொண்டுவர எத்தனை வருஷம் ஆகுதுன்னு பாருங்க.

சரி, பாதை இருக்கிற பொம்மிடிக்கு என்ன லாபம்? வேலையும் படிப்பும்தான். பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிற கருப்பூர், இதே தடத்துல சேலத்துக்கு முன்னாடி வருது. சேலத்தைத் தாண்டினா ஈரோடு, திருப்பூர். பனியன் கம்பெனி வேலைக்குப் போறவங்க ஊரைக் காலி பண்ணாம, லீவுக்கு வந்துபோக இந்த ரயில் உதவுது.

ஆனா ஸ்டேஷன்ல இருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்தை நினைச்சுப் பாருங்க. காலை ரயிலுக்கு முன்னாடி பஸ் இல்லைன்னா, அந்தப் பொண்ணுக்குக் கல்லூரி தூரம்தான். வெற்றிலை, தக்காளி மாதிரி சீக்கிரம் வாடுற சரக்கு வெச்சிருக்கிற விவசாயி, வண்டி வாடகைக்குப் பயந்து வீட்டு வாசல்ல வர்ற வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துடுவார். ரெண்டு சந்தைக்குப் போக முடிஞ்சாத்தான் அவரால பேரம் பேச முடியும். பெரிய ரயில் பாதையோட பலனை இந்தச் சின்னத் தூரம்தான் தீர்மானிக்குது.

பஸ் செலவு குறைஞ்சாலே குடும்பக் கணக்கு மாறும். பெண்கள் சாதாரண நகரப் பேருந்துல கட்டணமில்லாம போகும் விடியல் பயணம் திட்டத்தால், மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொல்லுது. ஆனா பஸ்ஸே வராத ஊருக்கு அந்த 888 கிடைக்காது இல்லையா?

உங்க ஊர் நிலை அப்படியா? கிராம சபையில தீர்மானம் போடச் சொல்லுங்க. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கலாம். 1100-க்கும் போன் பண்ணலாம். ரயில் நிறுத்தம் கேட்கணும்னா அது ரயில்வேயின் சேலம் கோட்டம். பஸ்ஸுக்கு மாநில அரசு. ரெண்டையும் ஒரே மனுவுல கலக்காதீங்க. வெறும் ‘பஸ் வேணும்’னு எழுதாம, எத்தனை மாணவர்கள், எத்தனை தொழிலாளர்கள், எந்த ரயிலுக்கு எத்தனை மணிக்கு ஸ்டேஷன்ல இருக்கணும்னு சேர்த்து எழுதுங்க. பஸ் நேரத்தை ரயில் நேரத்தோட பொருத்திப் பார்க்க அதிகாரிக்கு அந்த விவரம் வேணும்.