திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு



1962-ல் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியதிலிருந்து ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் ஊர் நம் நெய்வேலி. ஆனால் நம்மில் பலருக்கு ராத்திரிப் படிப்பு இருட்டில்தான்! வீட்டில் ஒருவருக்கு விடியற்காலை ஷிப்ட் என்றால் டியூப் லைட்டை அணைத்தாக வேண்டும். நமக்கோ நாளைக்கு டிராயிங் சப்மிஷன். இருட்டறையில் மானிட்டர் மட்டும் எரிய, ஒரு மணி நேரத்தில் கண் எரிச்சல், தலைவலி!

இதற்குக் கைகொடுப்பது ‘பயாஸ் லைட்டிங்’. டிரான்சிஸ்டருக்கு பயாஸ் கொடுத்து ஒரு நிலையில் நிறுத்துகிறோம் அல்லவா? அதுபோல, திரைக்குப் பின்னால் சுவரில் விழும் மெல்லிய வெளிச்சம் நம் கண்ணை ஒரு நிலையில் நிறுத்துகிறது.

எப்படி? இருட்டில் கண்ணின் பாவை விரியும். திரை வெளுத்தால் சுருங்கும். காட்சி மாறினால் மறுபடி விரியும். சுவரிலும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். கறுப்பும் இன்னும் கறுப்பாகத் தெரியும். திரை மாறவில்லை, கண்ணின் ஒப்பீடுதான் மாறுகிறது!

இது புதுசா என்றால், இல்லை. தூர்தர்ஷன் காலத்திலேயே டிவி பார்க்கும்போது ஜீரோ வாட் பல்பைப் போட்டு வைத்த வீடுகள் உண்டு. (பேர்தான் ஜீரோ, பழைய பல்பு 15 வாட்ஸ் வரை இழுக்கும்!) அமெரிக்காவில் சில்வேனியா கம்பெனி 1950-களில் திரையைச் சுற்றி ஒளிவளையம் வைத்து ‘ஹேலோலைட்’ டிவி விற்றது. பிலிப்ஸின் ‘ஆம்பிலைட்’ 2004-ல் வந்தது.

கவனிக்க வேண்டியவை மூன்று:

1. நிறம்: 6500 கெல்வின் வெள்ளை. டிவியின் வெள்ளைக்கு அதுதான் தரம். மஞ்சள் விளக்கு வைத்தால் படம் நீலம் பாய்ந்ததுபோல் தோன்றும். கலர் பெயின்ட் சுவரானால் பின்னால் ஒரு வெள்ளைச் சார்ட் ஒட்டுங்கள்.

2. அளவு: திரையின் வெள்ளையில் சுமார் 10 சதவீதம். திரை சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்றால் சுவர் 10. வெள்ளைச் சுவரின் பிரதிபலிப்பு 0.8 எனில், 3.14 × 10 ÷ 0.8 = சுமார் 39 லக்ஸ் போதும். எனவே டிம்மர் கட்டாயம். பார்வை சுவருக்கு ஓடினால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம்.

3. இடம்: மானிட்டரின் முதுகில், ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே. எல்.ஈ.டி. நேராகக் கண்ணில் படவே கூடாது.

இனி நம்ம கணக்கு. நான் வைத்தது 24 அங்குல மானிட்டருக்கு. மேல் பக்கம் 43, இருபுறமும் 20 + 20. மொத்தம் 83 செ.மீ. மீட்டருக்கு 4 வாட்ஸ் என்று போட்ட 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் 3.3 வாட்ஸ் ஆகிறது. 5-ஆல் வகுத்தால் 0.66 ஆம்பியர். பழைய யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டின் அளவு 0.5 ஆம்பியர்தான், தாங்காது. 1 ஆம்பியர் செல்போன் சார்ஜர் போதும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கினால் யூ.எஸ்.பி.யில் சரியாக எரியாது. லேபிளைப் பார்த்து வாங்குங்கள். வெட்டும்போது கத்தரிக் குறி உள்ள இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது அசதியைக் குறைக்கும். கண்ணாடிக்கு மாற்று அல்ல. வலி தொடர்ந்தால் கண் டாக்டரைப் பாருங்கள்.

எல்லார் வீட்டிலும் ஒரு பழைய சார்ஜர் சும்மா கிடக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்துதான் பாருங்களேன்!