வண்டி ஒயரிங்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அறுந்த ஒயரின் இரு முனைகளையும் சீவி, முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினால் விளக்கு எரிந்துவிடும். எரிந்ததுமே ஜாயின்ட் சரி என்று முடிவாகிவிடுகிறது. வண்டி ஒயரிங் பற்றிய தவறான நம்பிக்கைகள் பலவும் இந்த முடிவிலிருந்தே கிளைக்கின்றன. வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயர் அசைவதில்லை. வண்டியின் ஒயரோ ஓடும் நேரமெல்லாம் அதிர்கிறது, இன்ஜின் சூட்டில் காய்கிறது, மழையில் நனைகிறது. ஜாயின்ட் தாங்க வேண்டியது இவற்றைத்தான்.

“12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?” ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் நல்ல நிலையிலுள்ள கார் பேட்டரி, ஷார்ட் ஆன ஒயரில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்ச வல்லது. இன்சுலேஷன் தீப்பிடிக்க அது போதும். மெதுவாக நேரும் கேடும் உண்டு. 60 வாட் ஹெட்லைட் பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த ஜாயின்டில் 0.1 ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட் அங்கே குறைந்து, 2.5 வாட் வெப்பம் அந்தச் சிறு இடத்தில் சேர்கிறது. சூட்டில் செம்பு கறுக்கிறது. கறுக்கக் கறுக்கத் தடை கூடுகிறது. தடை கூடக்கூடச் சூடும் ஏறுகிறது.

“ஈயம் வைத்துவிட்டால் அதைவிட உறுதி வேறில்லை.” பாதி உண்மை என்பதாலேயே அதிகம் ஏமாற்றும் நம்பிக்கை இது. சால்டர் செய்த ஜாயின்டில் மின்சாரம் தடையின்றிப் பாயும். ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஊறி இன்சுலேஷனுக்குள்ளும் ஏறிவிடுகிறது. ஆறியதும் அந்தப் பகுதி வளையாத கம்பியாகிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில்தான் அதிர்வு முழுவதும் விழுகிறது. அங்கே இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. ஜாயின்ட் அப்படியே இருக்க, பக்கத்தில் ஒயர் அறுகிறது. தொழிற்சாலையில் தயாராகும் ஹார்னஸ்களில் (ஒயர்க் கட்டுகளில்) பெரும்பாலும் கிரிம்ப்பும் (உலோகக் குழலுக்குள் ஒயரை வைத்து அழுத்தி இணைப்பது) அல்ட்ராசோனிக் வெல்டிங்கும் இடம்பெற இது ஒரு முக்கியக் காரணம். சால்டர் செய்தே தீர வேண்டுமானால், ஜாயின்டின் இருபுறமும் ஒயர் ஆடாதபடி ஹார்னஸோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ரோசின் ஃப்ளக்ஸ் மட்டுமே ஏற்றது. தகர வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் செம்பை அரிக்கும்.

“கிரிம்ப் என்பது பிளேயரால் நசுக்குவதுதான்.” சரியான கருவியால் அழுத்தும்போது இழைகளும் குழலும் காற்று புக இடமின்றி இறுகுகின்றன, ஈரம் உள்ளே எட்டாது. பிளேயர் குழலைத் தட்டையாக்குவதோடு சரி. அளவும் பொருந்த வேண்டும்: வழக்கமான இன்சுலேட்டட் இணைப்பிகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. கூடுதல் பிடிப்புக்கென்று ஒயர் நுனியில் ஈயம் பூசிவிட்டுக் கிரிம்ப் செய்வது நேர்மாறான பலனையே தரும். தொடர்ந்த அழுத்தத்தில் ஈயம் மெல்ல நகர்ந்து, பிடி தளர்கிறது.

டேப் தண்ணீரைத் தடுக்கும் என்பதும் சரியல்ல. சூட்டில் அதன் பசை இளகி விளிம்பு பிரிந்துவிடும். சூடாக்கினால் சுருங்கி இறுகும் சாதாரண ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் நீரை முழுதாகத் தடுக்காது. உட்புறம் பசை பூசிய ஸ்லீவே வேண்டும். பல ஒயர்களை ஒட்டும்போது ஜாயின்ட்கள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக அமைய வேண்டும்.

“ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரியது போடலாம்.” இது ஆபத்தானது. ஃபியூஸ் காப்பது ஒயரை. 10 ஆம்பியர் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைச் செருகினால், ஃபியூஸுக்கு முன்பே ஒயர் உருகக்கூடும்.

எல்லா ஒயரையும் ஒரே முறையில் ஒட்டிவிட முடியாது. கணினிப் பகுதிகளை இணைக்கும் கேன் ஒயர்கள் முறுக்கிய இணையாக ஓடுவது வெளி மின் இரைச்சலைத் தடுக்கத்தான். பழுது பார்த்த பின்னும் அந்த முறுக்கு இயன்றவரை குலையாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் அடையாளமிடப்படும் ஏர்பேக் ஒயர்களில், தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் முறையில் மட்டுமே கை வைக்கலாம். அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருப்பது கட்டாயம்.