சூளை போச்சு, பெயர் இருக்கு



அடுத்த முறை தேக்காவுக்குப் போகும்போது சாலைப் பெயர்ப் பலகைகளைக் கொஞ்சம் நின்று படிங்க. பஃபலோ சாலையில் இன்று எருமை இல்லை. பக்கத்தில் கெர்பாவ் சாலை. மலாய் மொழியில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ரேஸ் கோர்ஸ் சாலையில் குதிரை ஓடுவதில்லை. பந்தயத் திடல் 1933இல் புக்கித் தீமாவுக்கு மாறிவிட்டது. கொஞ்சம் தள்ளி, தோபி காட்டில் யாரும் துணி துவைப்பதில்லை. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் வட்டாரத்தை முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். அந்தச் சுண்ணாம்புச் சூளைகளும் இப்போ இல்லை.

ஒவ்வொரு பெயரும் ஒரு காலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். பொறியியல் படிக்கிற எங்களுக்கு இது வெறும் வரலாறு இல்லை. புதுசா வேலையில் சேர்பவருக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன நிரல் எழுதும் வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு இன்று சில நொடிகளில் செய்துவிடுகிறது. "படிச்சு முடிக்கும்போது நமக்கு வேலை இருக்குமா?" என்ற கேள்வி கேன்டீனில் அடிக்கடி வருது. அதற்கு ஒரு பழைய ஆளிடம் பாடம் கேட்போம்.

நாராயண பிள்ளை 1819இல் ராஃபிள்ஸ் வந்த கப்பலில் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்தவர். அவர் வாழ்க்கையிலிருந்து மூன்று பாடங்கள்.

முதல் பாடம்: தேவையைப் பார். புது ஊர் எழும்பிக்கொண்டிருந்தது. வீடு கட்டச் செங்கல் வேணும். அவர் செங்கல் சூளை தொடங்கினார். "எனக்கு என்ன தெரியும்?" என்பதோடு நிற்காமல், "இங்கே எது இல்லை?" என்றும் கேட்டால்தான் தொழில் பிறக்கும்.

இரண்டாவது பாடம்: ஆட்களைச் சேர். கொத்தனார், தச்சர் வேணும் என்று பினாங்கிலுள்ள தமக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். தனி ஆளாக எல்லாம் செய்ய முடியாது. இன்று நம்மோடு படிக்கிறவர்கள், தொண்டூழியம் செய்கிறவர்கள்தான் நாளைக்கு நம் கூட்டாளிகள்.

மூன்றாவது பாடம்: நாணயத்தை விடாதே. கடனுக்குச் சரக்கு வாங்கித் துணிக்கடை வைத்தார். தீ விபத்தில் கடை போனது. கடன் மட்டும் மிஞ்சியது. ராஃபிள்ஸை அணுகி நிலம் பெற்று, மறுபடி வியாபாரம் தொடங்கிக் கடனை அடைத்தார். பெயரையும் மீட்டார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலை நிறுவியவர் இவர்தான். செங்கல் விற்ற மனிதரின் முதல் கோயில் செங்கல்லால் கட்டப்படவில்லை! கையில் உள்ளதைக் கொண்டு தொடங்கு, பிறகு பெரிதாக்கலாம்.

இந்தப் பாடங்கள் பழசாகிவிட்டதா? தேக்காவில் பூக்கடையைக் கவனிங்க. மல்லிகை நாளைக்கு வாடிடும். அதனால் எவ்வளவு வாங்குவது, எவ்வளவு கட்டி வைப்பது என்று காலையிலேயே கணக்குப் போடணும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு கணக்கு, தீபாவளிக்கு வேறு கணக்கு. பூ கட்டுவது பழைய கை வேலைதான், ஆனால் பணம் வாங்க மேசையில் பேநவ் கியூஆர் அட்டை நிற்குது. எதை மாற்றணும், எதை மாற்றக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் தொழில்.

நம்ம விஷயத்திலும் அப்படித்தான். இன்று கற்கும் மென்பொருள் ஒரு சூளை மாதிரி; அது ஒரு நாள் போகலாம். தேவையைக் கண்டுபிடிக்கும் கண், ஆட்களோடு சேர்ந்து உழைக்கும் பழக்கம், சொன்ன சொல்லைக் காப்பாற்றும் குணம், இவை அடுத்த வேலைக்கும் நம்மோடு வரும். கற்பதை மட்டும் நிறுத்தக்கூடாது. 25 வயதானதும் சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி தருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம், நூலகம் இலவசம்தான்.

உங்கள் குழுவில் பேச மூன்று கேள்விகள்:

1. உங்கள் தாத்தா பாட்டி செய்த வேலை இன்று இருக்கிறதா? அதில் கற்ற எந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கு?

2. உங்கள் புளோக்கில், கல்லூரியில் எல்லாரும் குறை சொல்லும் ஒரு விஷயம் எது? அதைச் சரிசெய்ய யாராவது காசு கொடுப்பார்களா?

3. நீங்கள் கடனாக வாங்கித் திருப்பித் தராத பொருள், கொடுத்து நிறைவேற்றாத வாக்கு ஏதாவது இருக்கா? இந்த வாரமே முடிச்சிடுங்க. தொழிலுக்கு முதல் முதலீடு அதுதான்.