மேச்சேரிக் கிடாவும் போடி மானாவாரியும்

போடிநாயக்கனூரில் ஆடு மேய்க்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போனால் கூலி கூடுதல். யார் வெயிலில் கம்பூன்றி நிற்பார்கள்? அதனால், மந்தையைப் பெருக்குவதைவிட இருக்கிற தாயாடுகளின் குட்டிகளைச் சீக்கிரம் எடை ஏறவைப்பதுதான் எங்களுக்கு வழி. கலப்பினத்தில் நான் இறங்கியது இந்தக் கணக்கில்தான்.

பொலிகிடாவை எங்கிருந்து கொண்டுவருவது என்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. நீலகிரியின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டுடன் மெரினோ, ராம்பூலே இனங்களைச் சேர்த்து 62.5 சதவீத அயல் ரத்தத்துடன் சாண்டினோவை உருவாக்கினார்கள். அருமையான வேலை. ஆனால் அது குளிர்மலைக்கு, கம்பளிக்காக. எங்கள் அடிவாரத்துச் சித்திரை வெயிலில் கம்பளி சுமைதான். நெல்லூர்க் கிடா உயரத்திலும் அழகிலும் கண்ணைப் பறிக்கும். சந்தையில் கைகள் தானாக நீளும். அந்தப் பெரிய உடம்புக்குத் தீனி வேண்டுமே! சிறுகூடான நாட்டாட்டுக்கு, அதிலும் தலையீத்து ஆட்டுக்கு, பெரிய இனக் கிடாவைச் சேர்த்தால் ஈனும்போது குட்டி சிக்கிக்கொள்ளவும் கூடும்.

எனக்குப் பிடித்தது மேச்சேரி. சேலம் வறட்சியில் வளர்ந்த இனம். பழுப்பு நிறம், குட்டை முடி, கொம்பு இல்லை. வளர்ந்த கிடா 35 கிலோவையொட்டி நிற்கும். மேச்சேரியை ஒட்டிய பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிடா வாங்குகிறவர்கள் அதன் தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பார்த்து வாங்குங்கள். கிடா மட்டும் கொழுத்திருந்தால் அது தீனியின் வேலையாக இருக்கலாம்.

சேர்க்கும் காலத்தை மழை தீர்மானிக்கட்டும். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல் இறங்க, அடிவாரம் பச்சை பிடிக்கும். அந்த மேய்ச்சலில் தாயாடு உடம்பு தேறி எளிதில் பருவத்துக்கு வரும். 25, 30 ஆட்டுக்கு ஒரு கிடா போதும். ஆடியில் சேர்ந்தால் 150 நாள் கணக்கில் மார்கழியில் ஈனும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து புல் நிற்கும் நேரம் அது. மற்ற மாதங்களில் கிடாவின் வயிற்றில் சாக்குத் துணி கட்டிவிடுவேன்.

சொல்லவேண்டிய முக்கியமான சேதி இதுதான்: கிடா கொடுப்பது வளரும் திறனை மட்டுமே, வளர்ச்சியைக் கொடுப்பது பால். ஈனுவதற்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே தாய்க்கு வேலிமசால், கடலைக்கொடி, கொஞ்சம் தவிடு கொடுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகவேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து தாயாடு நுழையமுடியாத சிறு தடுப்புக்குள் உடைத்த மக்காச்சோளமும் கடலைப்பிண்ணாக்கும் வையுங்கள். இது இல்லாத மந்தையில் கலப்புக்குட்டிக்கும் நாட்டுக்குட்டிக்கும் வித்தியாசமே தெரியாது.

அடைமழையில் சிறு பூச்சிகள் நீலநாக்கு நோயைப் பரப்பும். அயல் ரத்தம் கூடிய ஆடுகளை அது கடுமையாகத் தாக்கும், நாட்டாடும் தப்பாது. மழைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கலப்புக் கிடாக்குட்டியை, எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும், பொலிகிடாவாக நிறுத்தாதீர்கள். முதல் தலைமுறையின் வீரியம் அடுத்ததில் தணியும், குட்டிகளும் ஏற்றத்தாழ்வாக வரும். கிடாக்குட்டி கறிக்குப் போகட்டும். நல்ல பெட்டைக்குட்டிகளை வைத்துக்கொண்டு, வேறு வழி வந்த மேச்சேரிக் கிடாவுடன் சேருங்கள். தகப்பன் மகளைச் சேராதிருக்க, பக்கத்துக் கிடைக்காரரும் நானும் இரண்டு ஆண்டுக்கொருமுறை கிடாவை மாற்றிக்கொள்கிறோம்.